காடாத் துணி வீட்டின் தெற்கு வாசல்

1

"பொம்பளப் புள்ள அடிச்ச ஆணியில செவுரு நிக்குமா பாப்பா?"

எங்கள் நாடக மன்றத்தின் தலைவர் என்னிடம் முதன்முதலாகப் பேசிய வாக்கியம் இது. அல்சூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, ஞாயிற்றுக்கிழமை காலை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஒத்திகைக்காகப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த ஆடியோடு அந்த மன்றத்தில் சேர்ந்து இரண்டு வருடம் நிறைகிறது. குடியாத்தத்திலிருந்து சிநேகிதிகள் நீங்கள் எழுதும் கடிதங்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: "பெங்களூரில் தமிழ், நாடகம் என்று அமர்க்களமாக இருக்கிறாயாமே?" இருக்கிறேன். எப்படி இருக்கிறேன் என்பதைக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "நலம், நலமறிய ஆவல்" என்று நானும் ஒரு வரியில் முடித்துவிடுவேன்.

2

நான் கடல் தாண்டவில்லை. ரயிலில் நாலு மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் ஜோலார்ப்பேட்டை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பலகைகளின் எழுத்து மாறத் தொடங்கும். பெங்களூரில் இறங்கும்போது நான் எழுத்தறியாதவளாகிவிட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கன்னியப்பன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மாவுக்குத் தீப்பெட்டிக் கம்பெனி. இருவரும் கைநாட்டு. பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலைக்கு வந்த முதல் வாரம், பஸ்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற ஆளைக் கேட்டேன். அம்மா வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று மாதத்தில் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நல்ல பெண் என்று பெயர் வாங்குவதற்காக அல்ல. அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்க என்னால் முடியாது.

ஜோகுபாளையத்தில் தனசேகர் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அவர்தான் மன்றத்தின் செயலாளர். "வூட்ல சும்மாதான இருக்கே, ஞாயித்துக்கெழம வாயேன்மா, நம்ம ஜனங்களப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்று அவர்தான் கூட்டிப்போனார். போனதும் எனக்குக் கிடைத்த பொறுப்புகள்: டீ கொண்டுவருவது, வசனம் மறந்தால் எடுத்துக்கொடுப்பது, சேலைக்குப் பின் குத்துவது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன், "மேடைய நான் வரையட்டுமா சார்?" அதற்குத்தான் தலைவர் அந்த ஆணிக் கேள்வியைக் கேட்டார்.

அதுவரை அவர்களிடம் மேடை என்று ஒன்று இருந்ததில்லை. வாடகைக்கு ஒரு படுதா வரும். அதில் பங்களா. பங்களாவுக்குள் வளைந்து ஏறும் மாடிப்படி. பன்னிரண்டு வருடமாக ஏழை வாத்தியார் வீடும் அந்தப் பங்களாதான், ஆஸ்பத்திரியும் அந்தப் பங்களாதான். அந்த மாடிப்படியில் ஒருவரும் ஏறியதில்லை.

நான் வரைந்தேன். அரை அங்குலம் ஓரடி என்ற கணக்கில், கூடமும் சமையலறை வாசலும் தெருக்கதவும் உள்ள ஒரு வீடு. கட்டிக்கொடுத்தவர் கஜேந்திரன் அண்ணன். மர்பி டவுன்காரர், சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் போடப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிறவர் என்பதால் அவருக்கு வரைபடம் படிக்கத் தெரியும். அந்த மன்றத்தில் அது தெரிந்த ஆட்கள் நாங்கள் இருவர் மட்டும்.

"இன்னா மேடம், கதவு ரெண்டே முக்கால் அடியா? நம்ம சம்பந்தி வேஷக்காரரு நுழைவாரா?"

"முழுசாத் தொறந்தா நுழைவாருண்ணா."

"அப்ப தொறந்துனு நிக்கச் சொல்லு. நாம செவுருக்குத்தான் பொறுப்பு, தொப்பைக்கு இல்ல."

ரீப்பர் மரச் சட்டத்தில் காடாத் துணியை இழுத்து ஆணியடித்து, பசை தடவி, காய்ந்ததும் டிஸ்டெம்பர் பூசினால் ஒரு தட்டி. பின்னால் முட்டுக் கொடுத்து நிறுத்தினால் அது சுவர். பத்துத் தட்டிகள் செய்தோம். பாதி ஆணி நான் அடித்தது. எதுவும் விழவில்லை.

வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் அந்த வீட்டை அளவாக வரைந்துவைத்து அதற்குள் நடிக்கச் சொன்னேன். தலைவர்தான் கதாநாயகியின் அப்பா, வீட்டு எஜமானர். அவர் முதல் நாளே சுவரைத் தாண்டி நடந்தார்.

"சார், செவுத்துக்குள்ள நடக்கறீங்க."

"சாக்பீஸ் கோட்டுக்கெல்லாம் ஒதுங்கிப் போவணுமா பாப்பா?"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். "வேஷம் கட்டறியாடி?" என்றாள். "இல்லமா, மேடைக்குப் பின்னாடி இருப்பேன்." "பின்னாடி நிக்கறதுக்கு எதுக்குடி அவ்ளோ படிச்ச?" அம்மாவுக்கு என் பதில், நோட்டீஸில் என் பெயர் வரும் என்பதுதான். மேடை வடிவமைப்பு என்று போட்டு, அதற்கு நேராக. அச்சில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரின் பெயர் வருவது அதுதான் முதல் முறையாக இருக்கும். நோட்டீஸ் வந்தது. "மேடை அமைப்பு: மன்ற உறுப்பினர்கள்" என்று இருந்தது. "அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்றார் தனசேகர் அண்ணன்.

3

இங்கே தமிழ் நாடகம் போடுவதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். காவிரிக் கலவரம் நடந்து வருடங்கள் ஓடிவிட்டாலும், தமிழ் நிகழ்ச்சி என்றாலே அரங்கத்துக்காரர் "ஸ்டேஷன் லெட்டர் இருக்கா" என்று கேட்டுவிடுகிறார். கதைச் சுருக்கத்தைக் கன்னடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை மைக், சாமி, சாதி, ஆறு பற்றி ஏதாவது வசனம் உண்டா என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும்.

மன்றத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இங்கேயே பிறந்தவர்கள். கன்னடத்தில் பேரம் பேசுவார்கள், திட்டுவார்கள், ஜோக்கடிப்பார்கள். எழுதச் சொன்னால் என்னைப் பார்ப்பார்கள். நேற்று வந்த நான் எழுதினேன். அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனில் காத்திருந்ததும் நான்தான். ஒருமுறை ரைட்டர் என் கன்னடத்தைப் படித்துவிட்டு, சம்பந்தி என்று வரும் இடத்தில் நான் வேறெதையோ எழுதியிருப்பதாகச் சொல்லி, ஸ்டேஷனே சிரிக்கும்படி வாசித்துக்காட்டினார். திருத்தி எழுதிக் கொடுத்தேன். தப்பாக எழுதினாலும் எழுதியவள் நான்.

தனசேகர் அண்ணனின் மகள் திவ்யாவுக்குப் பத்து வயது. நாடகத்தில் அவளுக்கு எட்டு வசனம். "அக்கா, எனக்கு இது படிக்க வராது, கன்னடால எழுதிக் குடுங்க" என்று பிரதியைக் கொண்டுவந்தாள். அவள் வசனங்களில் ஒன்று, தமிழை மறந்தவன் தாயை மறந்தவன் என்பது. அதையும் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மேடையில் அவள் அதைச் சொன்னபோது முன்வரிசை கைதட்டியது. அவள் அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். எனக்குக் குழந்தை மேல் கோபமில்லை. தட்டிய கைகளில் எந்தக் கையாவது அவளுக்கு அ, ஆ எழுதிக் காட்டியிருக்கலாம்.

4

இனி இந்த வருட நாடகம். "இந்தத் தடவ உன் பேரு நோட்டீஸ்ல வருது, என் பொறுப்பு" என்று தனசேகர் அண்ணன் சொல்லியிருந்தார். நான் புதிய வீடு ஒன்றை வரைந்திருந்தேன்.

அந்த அரங்கத்தின் மேடையில், பார்வையாளரிடமிருந்து பார்த்தால் இடப்பக்கம் பத்தடி இடம் இருக்கிறது. வலப்பக்கம் ஒரு தூண். தட்டிக்கும் தூணுக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கலாம். ஆகையால் தெருக்கதவை இடப்பக்கச் சுவரில் வைத்தேன். வெளிப்பக்கமாகத் திறக்கும். சீர்வரிசைத் தட்டுகளோடு ஏழு பேர் அதன் வழியாக வர வேண்டும்.

நாடகத்தன்று மதியம் எல்லாம் நிறுத்தி முடித்திருந்தோம். தலைவர் வந்தார். மேடை நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்தார். பொய் சொல்லவில்லை, கையகலப் பித்தளைத் திசைகாட்டி. போன வருடம் அவருக்குக் கால் முறிந்தபிறகு ஒரு வாஸ்துக்காரர் சொல்லித் தன் வீட்டு வாசலை உடைத்துத் திருப்பிக் கட்டியவர் அவர்.

"தெக்கு வாசலா வெச்சிருக்கே பாப்பா."

"சார், இது வீடு இல்ல. காடாத் துணி."

"துணியா இருந்தா என்ன? ரெண்டு மணி நேரம் அதுக்குள்ள குடியிருக்கறது நான்தான? பொண்ணு கல்யாணம் நடக்கற கத வேற. வடக்குப் பக்கம் மாத்திடு."

"வடக்குப் பக்கம் தூண் இருக்கு சார். கதவு காவாசிதான் தொறக்கும். தட்டு எடுத்துனு வர முடியாது. செவுத்துக்கு முட்டுக் குடுக்கவும் எடமில்ல."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா. சொல்ப அட்ஜஸ்ட்."

முடியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் திசைகாட்டியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். புரிந்துகொண்டார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. கஜேந்திரன் அண்ணன் சாப்பிடப் போனார். அனுமதிக் கடிதத்தின் நகலை ஸ்டேஷனில் காட்ட நான் போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது தெருக்கதவு வலப்பக்கம் இருந்தது. தனசேகர் அண்ணனும் நாலு பேரும் தட்டிகளைப் பிடுங்கி இடம் மாற்றி நட்டிருந்தார்கள். பழைய இடத்தில் ஓர் எலுமிச்சம்பழமும் இருந்தது.

மணி அடிக்க இருபது நிமிடம். கஜேந்திரன் அண்ணன் பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு என்னிடம், "கீலப் பிரிச்சி உள்பக்கமாத் தொறக்கற மாரி மாட்டலாமா?" என்றார். உள்ளே சோபா. சோபாவை நகர்த்தினால் விளக்கு விழும் இடம் மாறும். நேரமில்லை.

இரண்டாம் காட்சியில் சம்பந்தி வந்தார். கையில் தேங்காய், பழத் தட்டு. கதவு கால்வாசி திறந்து தூணில் இடித்தது. முதலில் தட்டு நுழைந்தது, பிறகு ஒரு தோள், பிறகு எதுவும் நுழையவில்லை. "வாங்க சம்பந்தி, வாங்க" என்று தலைவர் மூன்று முறை அழைத்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் "அவுரு வர்றாரு, ஊடுதான் வுட மாட்டேங்குது" என்றார். அரங்கமே சிரித்தது. சம்பந்தி தம் பிடித்து உள்ளே பாய்ந்தார். முட்டில்லாத சுவர் அவரோடு சேர்ந்து உள்ளே சாய்ந்தது.

நான் பின்னாலிருந்து சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். நின்றது. விட்டால் விழும். தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் அந்தச் சுவரைப் பிடித்தபடி நாடகம் முடியும்வரை நின்றேன். நாற்பது நிமிடம் இருக்கும். மறுபக்கத்தில், துணிக்கு ஒரு சாண் தூரத்தில், தலைவர் மகளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டைத் தாங்குவது ஆண்பிள்ளையின் கடமை என்று.

5

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். மினிட் புத்தகத்தில் முன்பே எழுதியிருந்தார்கள்: "அனுபவமின்மை காரணமாக மேடை வடிவமைப்பில் ஏற்பட்ட பிழைக்குச் செல்வி க. இந்திராணி வருத்தம் தெரிவித்துக்கொண்டார்." அதன் கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம்.

இந்த வருட நோட்டீஸிலும் வராத என் முழுப்பெயரை அந்த மன்றம் எழுதியது அதுதான் முதல் தடவை.

"சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிடுச்சி. நாங்க மனசுல வெச்சிக்கல. சும்மா ஒரு கையெழுத்துப் போடு பாப்பா, அதோட முடிஞ்சிது" என்றார் தலைவர்.

"கதவ மாத்துனது யாரு சார்?"

தனசேகர் அண்ணன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கஜேந்திரன் அண்ணன் மட்டும் பின்பெஞ்சிலிருந்து, "எலுமிச்சம்பழம் தானா நடந்து வந்துதா தலைவரே?" என்றார். அவரை, கமிட்டி உறுப்பினர் இல்லை என்பதால், வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நான் என் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். கதவு இடப்பக்கம். மூலையில் தேதி, பெயர். தலைவர் அதைப் பார்த்தார். பார்த்தாரே தவிர அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு வருடமாகத் தெரியாது.

"இத எல்லாம் எதுக்கும்மா காட்டுறே. அடுத்த மாசம் ஒசூர்ல இதே நாடகம் போடுறோம். மாப்பிள்ள பிளான சரிபண்ணிக் கொடுத்துட்டாரு. கதவு வடக்குல, இடது பக்கம்." மாப்பிள்ளை என்றால் அவர் மருமகன், ஏதோ கம்பெனியில் இன்ஜினியர். அவர் எடுத்துக் காட்டிய தாளை வாங்கிப் பார்த்தேன். என் வரைபடத்தின் ஜெராக்ஸ். ஒசூர் அரங்கில் பார்வையாளர்கள் எதிர்த்திசை பார்த்து உட்காருகிறார்கள். அதனால் அங்கே இடப்பக்கம் வடக்காகிவிடுகிறது. அந்த மருமகன் ஒரு கோட்டைக்கூட நகர்த்தவில்லை. மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெள்ளைப் பூச்சால் மறைத்திருந்தார். அதுதான் அவர் சரிபண்ணியது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எங்கள் வீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அப்பா வைத்த பெருவிரல் ரேகைகளால் எங்களுக்கு என்னென்ன போனது என்று குடியாத்தத்தில் உங்களில் சிலருக்குத் தெரியும். எனக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டுத்தான் மறுத்தேன்.

தனசேகர் அண்ணன் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "நாம இந்த ஊர்ல இருக்கறதே கொஞ்சம் பேரு. நமக்குள்ளயே அடிச்சிக்கினா பாக்கறவன் சிரிக்க மாட்டானா? தமிழாளுங்க ஒத்துமையா இருக்க வேணாமாம்மா?"

"ஒத்துமைன்னா நான் மட்டும் வாய மூடிக்கறதாண்ணா?"

"பெரியவரு. அவருகிட்ட நான் எப்படி..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பிவிட்டார். அன்றிலிருந்து மாடிப்படியில் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

வெளியூர் போன தமிழர்களைப் பற்றி அங்கிருக்கும் நீங்கள் கவலைப்படும்போது, அந்நியர்கள் எங்களை என்ன செய்கிறார்களோ என்றுதான் கவலைப்படுகிறீர்கள். ஸ்டேஷன் ரைட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், உண்மைதான். ஆனால் நான் எழுதிய தாளில் என் கையெழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சிரித்தார். அதை அழித்தவர்கள் நம் ஆட்கள்.

6

ஒரு விஷயத்தைக் கமிட்டி மறந்துவிட்டது. மன்றத்தின் நோட்டீஸுக்குப் பிழை திருத்துவது நான்; இதுவரை பெயர்களைத் தொட்டதில்லை. பின்னரங்க வேலை என்றால் அதுவும் சேர்த்திதான். அதை வேறொருவரிடம் மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அது ஒரு வேலை என்றே அவர்கள் நினைக்கவில்லை. ஆகவே போன வெள்ளிக்கிழமை, வழக்கம்போல, ஒசூர் நாடகத்தின் நோட்டீஸ் புரூஃப் என் மேசைக்கு வந்தது.

ஒற்றுப் பிழை நாலு. தலைவர் பெயருக்கு முன்னால் இருந்த பட்டத்தில் ஒரு துணைக்காலைக் காணோம், அதையும் சரிசெய்தேன். கடைசிக்கு முந்தின வரி: "மேடை வடிவமைப்பு" என்று போட்டு மருமகன் பெயர். அதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் "க. இந்திராணி" என்று எழுதினேன். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: "மேடை நிர்மாணம்: மர்பி டவுன் கஜேந்திரன்." அடியில் "திருத்தியபடி அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆளிடம் கொடுத்தனுப்பவில்லை. நானே அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அச்சகத்துக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் மாறியிருக்குதே, தலைவருக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியாது. போனக் குடுங்க, சொல்லிடறேன்."

தலைவர்தான் எடுத்தார். என்ன மாற்றினேன் என்று வரி வரியாக வாசித்துக்காட்டினேன்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"வரைஞ்சவளக் கேட்டு சார்."

"ஒசூர்ல உன்ன மேடப் பக்கம் வுட மாட்டேன், பாத்துக்க."

"அப்ப என் பிளானும் வராது சார். ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. உங்ககிட்ட இருக்கற ஜெராக்ஸ் சுருங்கிப்போனது, அதுல ஸ்கேல் வெச்சி அளந்தா அரையடி ஒதைக்கும். மாப்பிள்ளையச் சரிபண்ணச் சொல்லுங்க."

அவர் வைத்துவிட்டார். மறுபடி அடித்துத் தடுப்பார் என்று நினைத்தேன். அச்சகத்துக்காரரும் நினைத்தார். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அடிக்கவில்லை. "ஓட்டட்டுமா?" என்றார். ஓட்டச் சொன்னேன். மை காயாத முதல் கட்டிலிருந்து பத்துத் தாள்களை எண்ணி எடுத்துக்கொண்டேன்.

ஒசூரில் அந்த வீடு நிற்குமா, அந்தப் பங்களாப் படுதாவையே மறுபடியும் தொங்கவிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஜோகுபாளையத்தில் எனக்கு அறை இருக்குமா என்பதும் தெரியாது. சனிக்கிழமை அரைநாள் லீவு. கஜேந்திரன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒசூர் பஸ் ஏறினேன். அரங்கத்து மேனேஜரிடம் நோட்டீஸைக் கொடுத்து, அதில் இருக்கும் இந்திராணி நான்தான் என்று சொல்லி, மேடையைத் திறக்கச் சொன்னேன். கஜேந்திரன் அண்ணன் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு நடந்து, அகலம், ஆழம், தூண், விளக்குக் கம்பி எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். புதிய வரைபடம் பலகையில் இருக்கிறது. பாதி முடிந்துவிட்டது. பெயரை இந்த முறை மூலையில் போடவில்லை. வீட்டின் கூடத்துக்கு நடுவில், கோடுகளுக்குக் குறுக்காக எழுதியிருக்கிறேன். அழித்தால் வீடும் சேர்ந்து அழியும்.